வடநாட்டு ஊழியம், அரியலூர்

குன்னம் ஜெபக்கூட்டப் பந்தலில் தமிழ்மாறன் எழுந்து நின்றதற்கு ஒரே காரணம், கால் மரத்துப்போனதுதான்.

மூன்று மணி நேரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். சபைச் செயலாளர், நாற்காலியிலேயே உட்காரலாம். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தால் தாழ்மை வெளியே தெரியாது. தெரியாத தாழ்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இடது கால் தொடை வரைக்கும் செத்துப்போனதும், சற்று உதறிக்கொள்ளலாம் என்று எழுந்தார். அதே நேரம் பார்த்து, சென்னையிலிருந்து வந்திருந்த பிரசங்கியார் கண்ணை மூடியபடி, "பீகார் மண்ணில் ஊழியம் செய்ய ஆண்டவர் ஒருவரை அழைக்கிறார். அவர் எழுந்து நிற்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தார்.

எதிரே தமிழ்மாறன், ஒற்றைக் காலில்.

பந்தல் அல்லேலூயாவில் அதிர்ந்தது. "கால் மரத்துப்போச்சுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் பக்கத்தில் பொருளாளர் அன்பழகன் வாயைப் பிளந்துகொண்டு அண்ணாந்து பார்த்தார். பதினோரு வருஷமாகத் தன்னோடு முட்டிக்கொண்டிருக்கும் மனுஷன் அப்படிப் பார்க்கும்போது எவனால் உட்கார முடியும்? ரத்தம் திரும்பிய காலில் ஆயிரம் ஊசி குத்த, கண்ணில் தண்ணீர் வந்தது. பிரசங்கியார் அதையும் மைக்கில் அறிவித்தார்.

நாலே நாளில் குன்னம் பஸ் ஸ்டாண்டில் ஃப்ளெக்ஸ் ஏறியது. கூலிங்கிளாஸ் போட்ட தமிழ்மாறன், பின்னால் சூரியன், மேலே 'பீகாரின் விடிவெள்ளியே'. வழியனுப்பு விழா மட்டும் மூன்று நடந்தது. அவருக்குத் தெரிந்த இந்தி 'நஹி' மட்டும்தான். அதையும் யாரும் காதில் வாங்குவதாக இல்லை.

"ஏங்க, பக்கத்துல பூலாம்பாடிக்குப் போனாலே ஒங்களுக்குத் தண்ணி ஒத்துக்காது" என்றாள் மனைவி மணிமொழி, ஊறுகாய் பாட்டிலுக்குத் துணி கட்டிக்கொண்டே.

"அழைப்பு வந்துருச்சு மணி."

"ஆண்டவர்தானா? நல்லா பாத்தீங்களா?"

அவர் விதைக்கடைச் சாவியை அவளிடம் கொடுத்தார்.

குன்னத்துக்கோ பெரம்பலூருக்கோ ரயில் கிடையாது என்பதால், ஊழியக்காரராக இருந்தாலும் அரியலூருக்குத்தான் வர வேண்டும். வழியனுப்ப வந்த வேன் ஸ்டேஷன் வாசலிலேயே அவரை இறக்கிவிட்டுத் திரும்பியது; டிரைவருக்கு அடுத்த சவாரி இருந்தது. சென்னை ரயில் வந்து நின்றது. தமிழ்மாறன் பெட்டியைத் தூக்கினார், வைத்தார், மறுபடி தூக்கினார். அதற்குள் சென்னையிலிருந்து எதிரே வந்த ரயிலிலிருந்து மூட்டையும் பிளாஸ்டிக் வாளியுமாக முப்பது பேர் இறங்கி, அவரைச் சுற்றி நின்று இந்தியில் பேசிக்கொண்டார்கள்.

அவர்களை அழைத்துப்போக வந்த சூப்பர்வைசர் செல்லமுத்துவிடம் கேட்டார். "எந்த ஊருங்க இவங்க?"

"சிமெண்ட் வேலைக்கு வந்தவனுங்க சார். வடக்க."

"பீகாரா?"

"எல்லாம் பீகார்தான் சார்."

அவருடைய ரயில் போய்விட்டது. தமிழ்மாறன் யோசித்தார். ஆண்டவர் பீகாருக்குப் போகச் சொன்னார், சரி. அந்தப் பீகாரே மெனக்கெட்டு அரியலூரில் வந்து இறங்கினால், எதிர்த்திசையில் போவது கீழ்ப்படியாமை அல்லவா? பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னால் நடந்தார்.

ஊருக்கு வெளியே தகரக் கொட்டகை. செல்லமுத்துவிடம் சமூக சேவை என்று சொல்லி ஒரு மூலையைப் பிடித்தார். அன்றிலிருந்து சபையின் வாட்ஸப் குழுவுக்குத் தினம் ஒரு போட்டோ போனது. சிமெண்ட் தூசி படிந்து மரமெல்லாம் வெள்ளையாக இருந்தது வசதியாகப் போயிற்று. 'இங்கே கடும் பனி, ஜெபிக்கவும்' என்று எழுதினார். பனியில் சட்டை ஏன் வேர்த்திருக்கிறது என்று அன்பழகன் கேட்டார். 'ஜெபத்தில் போராடினேன்' என்று பதில் போட்டார்.

ஊழியத்தை எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. முதல் ஞாயிறு அவர்களுக்கு வேலை இருந்தது; இரண்டாவது ஞாயிறு லீவு. முப்பது பேரும் குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டி, மத்தளத்தை எடுத்து வைத்தார்கள். மேஸ்திரி சைமன் டிர்க்கி, ஒன்பது வருஷம் தமிழ்நாட்டில் வேலை செய்தவன், பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணா, உனக்கு யேசு தெரியுமா?"

தமிழ்மாறன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"நாங்க பீகார் இல்ல, ஜார்க்கண்ட். என் தாத்தாவோட அப்பாவே ஞானஸ்நானம். நீ பாவம் அண்ணா. வூடு இல்ல, வேலை இல்ல, தினம் போன்ல உன்னையே போட்டோ புடிக்கிற. ஒரு வாரமா உனக்காகத்தான் எல்லாரும் ஜெபம்."

தமிழ்மாறன் வீட்டில் முதலில் ஞானஸ்நானம் எடுத்தது அவருடைய அப்பா. அந்த மூப்பை வைத்துத்தான் அவர் செயலாளர்.

"ஆனா சும்மா சாப்பிடுறது நல்லா இல்ல" என்று சைமன் ஒரு தாம்பாளத்தை நகர்த்தினான். "வெங்காயம் உரி."

சின்ன வெங்காயம். இருபது வருஷமாகக் குன்னத்தில் வெங்காய விதை விற்றவர், அன்றுதான் ஒன்றை உரித்துப் பார்த்தார்.

புதன்கிழமை மணிமொழி போன் செய்தாள். "போட்டோவுல ஒங்க பின்னால பஸ்ஸு போவுது."

"பீகார்லயும் பஸ் போவும் மணி."

"ஆண்டிமடம்னு தமிழ்ல போர்டு போட்டுக்கிட்டா?"

அவர் இன்னொரு வெங்காயத்தை எடுத்து உரித்தார்.

"நான் மொத நாளே பாத்துட்டேன், வாயத் தொறக்கல. இப்ப அன்பழகன் அண்ணன் பெருசு பண்ணிப் பாத்துட்டாரு. ஞாயித்துக்கெழம பாஸ்டரக் கூட்டிக்கிட்டு வராரு. நானும் வரேன். சட்டையத் தொவச்சுப் போட்டுக்கங்க."

ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்குள் முதலில் நுழைந்தவர் அன்பழகன். முகம் மாப்பிள்ளை முகமாக இருந்தது. பின்னால் பாஸ்டர் இளவரசன், கண்டனம் முழுவதையும் வாயில் தயாராக வைத்துக்கொண்டு வந்தார். வந்தவர் பார்த்தது, வெள்ளைச் சட்டையில் கைகூப்பி உட்கார்ந்திருந்த முப்பது வடநாட்டுக்காரர்களை.

"முப்பது ஆத்துமாவா?" என்றார். "மூணு வாரத்துலயா? அன்பழகன், போன எடுங்க."

தமிழ்மாறன் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பேர் தப்பித்தது, ஃப்ளெக்ஸ் தப்பித்தது. கண்ணில் தண்ணீர் வழிந்தது. அதுவரை உரித்த வெங்காயம்தான். பாஸ்டர் அதைத் தாழ்மைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள். ஆராதனை இரண்டரை மணி நேரம் ஓடியது. கடைசியில் சைமன் விருந்தாளிகளுக்காகத் தமிழில் சொன்னான்: "எங்க ஊரு மலை மேல சின்ன கோயில். பெருக்க, மணி அடிக்க ஆள் இல்ல. யார் வரும்? வரவங்க எழுந்து நில்லு."

அன்பழகன் எழுந்து நின்றார், ஒற்றைக் காலில்.

முப்பது பேர் கை தட்ட, மத்தளம் அதிர்ந்தது. அன்பழகன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பாஸ்டர் ஆனந்தமாக அண்ணாந்து பார்த்ததும் மூடிக்கொண்டார். நெஞ்சு மெதுவாக நிமிர ஆரம்பித்தது. தமிழ்மாறனுக்கு அந்த நிமிர்வு தெரியும். இனி நாலு நாளில் ஃப்ளெக்ஸ். இன்னும் கொஞ்சம் பேசாமல் இருந்தால் செயலாளர், பொருளாளர் இரண்டும் தன்னிடமே. நினைக்கவே தித்தித்தது. அன்பழகனின் கண்ணில் தண்ணீர் முட்டியது. அவர் வெங்காயம் உரிக்கவில்லை.

"சைமன், அவருக்கு அழைப்பு இல்லப்பா" என்றார் தமிழ்மாறன். "கால் மரத்துப்போச்சு. உக்காருங்க அன்பழகன்."

"ஒமக்கு எப்படித் தெரியும்?" என்றார் பாஸ்டர்.

"எனக்கும் அன்னிக்கி அதான்."

சைமன் அதைத் தன் ஆட்களுக்கு மொழிபெயர்த்தான். ஒரு பெரியவர் எழுந்து வந்து, அன்பழகனின் காலைப் பிடித்து நீட்டி, கடுகெண்ணெய் தேய்க்கத் தொடங்கினார். அன்பழகன் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பாஸ்டர்தான் கேட்டார். "அப்ப அந்த ஃப்ளெக்ஸ என்ன பண்றது?"

மணிமொழி வெங்காயத் தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கூரையை அண்ணாந்து பார்த்தாள். "இந்தத் தகரம் மழ பேஞ்சா ஒழுவுமே. அதுக்கு மேல போட்டுடலாங்க. ஏங்க, தள்ளி உக்காருங்க, நீங்க உரிக்கிற வேகத்துக்குப் பொங்கலுக்குத்தான் கொழம்பு."

அடுத்த வாரமே ஃப்ளெக்ஸ் கூரைமேல் ஏறியது. எழுத்து மேல்பக்கம். பீகாரின் விடிவெள்ளி கூலிங்கிளாஸோடு வானத்தைப் பார்த்துக் கிடக்கிறார். அழைத்தாரா இல்லையா என்று மேலே இருப்பவர் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். ஞாயிறுதோறும் கீழே வெங்காயம் உரிகிறது. தமிழ்மாறன் நாற்காலியில் உட்கார்ந்துதான் உரிக்கிறார்.