செபஸ்டினுக்கு அடித்த துக்க மணி

ஆறுதல் சொல்ல வருகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. என் வீட்டுக்காரர் செபஸ்டின் மஞ்சள் காமாலையில் படுத்த நாற்பது நாளும் எங்கள் தெரு ஜெபக்கூட்டமான அன்பியத்துக்காரர்கள் மாறி மாறி வந்து ஜெபம் செய்தார்கள். காப்பி குடித்தார்கள். ஆண்டவர் தமக்குப் பிரியமானவர்களைத்தான் சோதிப்பார் என்றார்கள். அப்படிப் பார்த்தால் எதிர்வீட்டு நான்சியை ஆண்டவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை போலிருக்கிறது. அவளுக்குத் தும்மல்கூட வராது.

இவர்களுக்குத் தலைவர் ஞானமுத்து வாத்தியார். ரிட்டையர் ஆனதிலிருந்து கோயில் சாவியும் மணிக்கயிறும் அவர் கையில். விசுவாசம் வேணும்மா என்று எனக்கு நித்தமும் பாடம். தனக்குக் கால் விரல் சுளுக்கினால் மட்டும் முதல் பஸ்ஸில் திருச்சி ஆஸ்பத்திரிக்கு ஓடுவார். ஊருக்குத்தான் உபதேசம்.

டாக்டர் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார். காமாலை இறங்கிவிட்டது, இனிச் சாப்பிட்டால் பிழைத்துக்கொள்வார். இந்த மனுஷன் சாப்பிட வேண்டுமே. மூன்று நாளாகச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர், கஞ்சியை நீட்டினால் வாயை இறுக்கிக்கொண்டார். போதும், விட்டுவிடு என்றார். எனக்குப் பயம் வந்துவிட்டது. ஏலாக்குறிச்சிக்கு பஸ் ஏறிப் போய் மாதா காலடியில் விழுந்து அழுதேன். மறுநாள் காலையில், வந்து எண்ணெய் பூசும்படி பங்குச் சாமியாருக்குச் சொல்லி அனுப்பினேன். நோயாளி தேறி எழ வேண்டும் என்று பூசுகிற எண்ணெய் அது.

ஊர் அப்படி நினைக்கவில்லை. சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அங்கே சாவு நிச்சயம் என்பதுதான் இவர்கள் படித்த வேதம். மத்தியானம் சாமியார் வந்து பூசிவிட்டுக் கிளம்பினார். செபஸ்டின் கண்ணை மூடிக் கிடந்ததை ஜன்னல் வழியே பார்த்த நான்சி, அலறிக்கொண்டு வாத்தியாரிடம் ஓடினாள். வாத்தியார் வந்து பார்க்கவா செய்வார்? விசுவாசி அல்லவா, கேட்டதுமே விசுவசித்தார். நேரே கோயிலுக்குப் போய்த் துக்க மணியை இழுத்தார்.

ஒவ்வொரு அடியாக மணி விழுந்தது. செபஸ்டின் கண்ணைத் திறந்தார்.

"யாருடி செத்தது?"

அதற்குள் வாசலில் நான்சி அவர் பேரைச் சொல்லியே ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். அவருக்கு விளங்கிவிட்டது. நாற்பது நாளில் முதல் தடவையாக முகத்தில் ரத்தம் ஏறியது. சுவரைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார்.

"இவனுவ அடிக்கிற மணிக்கெல்லாம் நான் சாவ முடியாது. கஞ்சியக் கொண்டா."

குடித்தார். ஒரு கிண்ணம் முழுவதும் குடித்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பிணத்துக்குப் போடப் பூமாலையோடு வந்து சேர்ந்த வாத்தியார், உட்கார்ந்திருக்கிறவரைப் பார்த்தும் கூசவில்லை. ஜெபத்தின் வல்லமையைப் பார்த்தாயா என்றார். நான் பிடித்துக்கொண்டேன். மாதா மேல் எனக்கிருந்த நம்பிக்கையில் ஒரு பிடியாவது உங்கள் கூட்டத்துக்கு உண்டா என்று தெருவே கேட்கக் கேட்டேன். மாலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

உள்ளே திரும்பினேன். செபஸ்டின் கொல்லைக் கதவு வழியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொடியில கெடக்கறது என் கல்யாணக் கோட்டுதானே, செல்வி?"

எங்கள் குடும்பத்தில் ஆண்களைக் கல்யாணக் கோட்டோடுதான் புதைப்பது. சாமியாருக்குச் சொல்லி அனுப்பிய கையோடு அதைப் பீரோவிலிருந்து எடுத்து வெயிலில் போட்டவள் நான்தான். வாத்தியாராவது மத்தியானம் வரை பொறுத்திருந்தார்.