கூட்டுக்குள் கூந்தல்

நூலா அந்த வீட்டுக்கு இரண்டாம் தாரமாக வந்தபோது, சமையலறைத் தொலைக்காட்சியில் நாடகமோ செய்தியோ ஓடவில்லை. ஒரு மரப்பெட்டியின் உட்புறம் ஓடிக்கொண்டிருந்தது. மே மாதம் பிறந்ததும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்துசேரும் உழவாரன் குருவிகளுக்காக, கூரை விளிம்பை ஒட்டிப் பரண் சுவரில் அவள் கணவன் மாலக்கி பதித்திருந்த பெட்டிகளில் ஒன்று அது. உள்ளே ஒரு குட்டிக் கேமராவும் வைத்திருந்தான்.

மாலக்கி பால் லாரி ஓட்டுபவன். விடியுமுன் கிளம்பி, மேயோ மாவட்டத்துப் பண்ணைகளையெல்லாம் சுற்றிவிட்டு, திரும்பியதும் காலணியைக்கூடக் கழற்றாமல் அந்தத் திரைமுன் உட்கார்ந்துவிடுவான். நல்ல மனுஷன்தான். குடி இல்லை, கோபம் இல்லை. ஆனால் குருவிகள் இரைதேடிப் போயிருக்கும்போதும் வெறும் கூட்டையே பார்த்துக்கொண்டிருப்பான். அதுதான் அவளை உறுத்தியது.

முதல் மனைவி டெர்வலாவின் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. அவளுடைய துணிமணிகளை அவள் இறந்த வாரமே கொடுத்துவிட்டானாம். ஆனாலும் சில சாயங்காலங்களில் சமையலறைக்குள் போகும்போது, யாரோ இருவர் பேசிக்கொண்டிருந்த அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்துவிட்டதுபோல இருக்கும் நூலாவுக்கு.

பக்கத்து வீடு மாலக்கியின் அக்கா பிலோமினாவுடையது. ஜூன் மாதம் ஒருநாள் அவள் சோடா ரொட்டியோடு வந்து உட்கார்ந்தாள். நூலா திரையைக் காட்டிக் கேட்டாள்.

"கூட்டைச் சுத்தி செம்புக் கம்பி மாதிரி மினுங்குதே, அது எங்கருந்து வந்துச்சு?"

"கம்பியா?" பிலோமினா வாயில் வைத்த ரொட்டியைக் கீழே வைத்தாள். "ஏண்டி, அவன் உங்கிட்ட சொல்லவே இல்லையா?"

"என்னத்த?"

"அது டெர்வலாவோட முடி."

நூலாவுக்குச் சட்டென்று புரியவில்லை.

"புத்துநோய்க்கு மருந்து ஏத்தினதுல கொத்துக் கொத்தா கொட்டிச்சு. இடுப்பு வரைக்கும் இருந்த செக்கச் செவந்த முடி. குப்பையில போட மனசு வரலன்னு பின்வாசப்படியில உக்காந்து வாரி வாரிக் காத்துல விட்டா. இந்தக் குருவிங்கதான் தரையில இறங்காதே, பறக்கறப்பவே கிடைச்சத கவ்வும். இவ முடியைக் கவ்விட்டு நேரா மேல போச்சுங்க. கைதட்டிச் சிரிச்சா பாரு! அதுக்கப்புறம் அவ சிரிச்சு நான் பாக்கல."

"இன்னுமா அப்படியே இருக்கு?"

"எச்சில் வெச்சு ஒட்டிடுமே. வருஷா வருஷம் அதே ஜோடி, அதே கூடு. கல்லறைப் பக்கம் என் தம்பி எட்டிக்கூடப் பாக்கறதில்ல. எதுக்குப் போகணும்? இங்கயே இருக்காளே."

சொன்னபிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. "அடச்சே, என் வாய்க்குப் பூட்டுத்தான் போடணும்" என்று எழுந்து போய்விட்டாள்.

அன்றிலிருந்து நூலா திரைக்கு முதுகைக் காட்டித்தான் சாப்பிட்டாள். அது இன்னும் மோசமாக இருந்தது. திரும்பிப் பார்த்தால், பெட்டித் துளை வழியாகக் காற்று வரும்போது அந்த முடி மெல்ல எழும்பித் தாழும், தூங்குகிறவள் மூச்சுவிடுவதுபோல. அதன்மேல் இரண்டு குஞ்சுகள் வளர்ந்தன.

ஜூலைக் கடைசியில் மூத்தது பறந்து போனது. இளையது மட்டும் போகவில்லை. நாலைந்து நாள் ஆகியும் துளைவரை போகும், வெடுக்கென்று பின்னால் விழும், மறுபடி போகும், மறுபடி விழும். தாயும் தகப்பனும் இரை கொண்டுவருவதைக் குறைத்துவிட்டன. பள்ளிக்கூடச் சமையல் வேலைக்கு விடுமுறை என்பதால் நூலா வீட்டில் இருந்தாள். அன்று மத்தியானம் திரைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. குஞ்சின் காலில் அந்த முடி சுற்றியிருந்தது.

நகம் வெட்டும் கத்தரியை எடுத்துக்கொண்டு பரணுக்கு ஏறினாள். பெட்டியின் பின்கதவைத் திறந்ததும் குஞ்சு மூலையில் ஒட்டிக்கொண்டது. கையில் எடுத்தபோது அதன் நெஞ்சு படபடத்தது. முடி சதைக்குள் இறங்கியிருந்தது. எந்த இழை எங்கே போகிறது என்றே தெரியவில்லை. ஒன்றை வெட்டினால் அடுத்தது இறுகியது.

"விடு டெர்வலா" என்றாள் நூலா. தான் வாய்விட்டுச் சொன்னது அவளுக்கே திக்கென்றது. ஆனாலும் நிறுத்தவில்லை. "அது போகணும். விட்டுடும்மா."

கடைசி இழையும் அறுந்தது. குஞ்சு தவழ்ந்து துளைக்குப் போய் வெளியே தலையை நீட்டி, சற்று நேரம் யோசிப்பதுபோல இருந்து, விழுந்தது. விழுந்ததா பறந்ததா என்று அவள் பரண் ஜன்னலுக்கு ஓடிப் பார்த்தபோது, தேவாலயக் கோபுரத்துக்கு மேலே போய்விட்டிருந்தது.

கீழே வந்த பிறகுதான், கூட்டிலிருந்த முடி முழுவதும் பிய்ந்து ஒரு பிடியாகத் தன் கையோடு வந்திருப்பதைக் கவனித்தாள். எங்கே வைப்பது? குப்பையில் போட முடியவில்லை. தன் பையில் வைத்துக்கொள்ள உடம்பு கூசியது. வாசலில் லாரிச் சத்தம் கேட்டது. பதறிப்போய், எரிந்துகொண்டிருந்த இரும்பு அடுப்பின் கதவைத் திறந்து உள்ளே போட்டுவிட்டாள்.

சமையலறை முழுக்க முடி கருகும் நாற்றம் எழுந்தது. மாலக்கி கதவருகில் நின்றுவிட்டான். திரையில் வெறும் கூட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"என்ன எரிச்ச?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் நேரே ஜன்னலுக்குப் போனான். அகலத் திறக்கப்போகிறான் என்று நினைத்தாள். பாதி திறந்திருந்த ஜன்னலைச் சாத்தினான். பின்கதவையும் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.

நூலாவுக்கு வெளியே ஓடவேண்டும்போல இருந்தது. கண் எரிந்தது. இருந்தாலும் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அவ வாசனை எப்படி இருக்கும்னு மறந்தே போச்சு நூலா" என்றான். "யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், வரவே மாட்டேங்குது. இனிமே இதுதான் ஞாபகம் வரும்."

"எனக்குத் தெரியாம நடந்துடுச்சு மாலக்கி. பயந்துட்டேன்."

"தெரியும்." பிறகு கேட்டான்: "குஞ்சு?"

"பறந்துடுச்சு. கால் புண்ணாத்தான் இருந்துச்சு. ஆனா பறந்துடுச்சு."

அவன் தலையாட்டினான். அவன் அழுததை அவள் முதல்முதலாகப் பார்த்தது அன்றுதான்.

ஆகஸ்ட் பிறந்ததும் மற்றக் குருவிகளும் தெற்கே போய்விட்டன. மாலக்கி தானாகவே திரையை அணைத்தான். நூலா சமையலறையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அங்கிருந்து நாற்றம் போய்விட்டது. ஆனால் தலை வாரும்போது தன் முடியிலிருந்தே அது வந்தது. எத்தனை தடவை அலசியும் போகவில்லை. பிலோமினாவைக் கூப்பிட்டு முகரச் சொன்னாள்.

"சோப்பு வாசம்தான் வருது. உனக்கு என்னமோ ஆயிடுச்சு" என்றாள் அவள்.

மாலக்கியிடம் நூலா அதைக் கேட்கவில்லை. ஆனால் அவன், அவள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்குப் பின்னால் கடந்து போகும்போதெல்லாம் ஒரு கணம் நின்று, அவள் முடியருகே மூச்சை உள்ளே இழுத்துவிட்டுப் போனான்.