இரண்டாவது சுற்று

முட்டை சாண்ட்விச்சுகளின் ஓரங்களை இஸபெல் வெட்டிக்கொண்டிருந்தபோது, டெஸ்மண்ட் சமையலறைக்குள் வந்து, கல்லறைக்கு மேலே விமானத்தில் பறந்து மரியாதை செய்யப் போவதாகச் சொன்னான். அவள் கத்தியை நிறுத்தவில்லை. புருஷனை அடக்கம் செய்யும் நாளில் இந்த வேலையெல்லாம் எதற்கு என்று வந்திருந்த பெண்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டார்கள். அவளுடைய கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

"ரெண்டரை மணிக்கு, பெட்டிய இறக்குற நேரத்துக்குச் சரியா வருவேன்" என்றான் டெஸ்மண்ட். "சர்ச் கூரைய உரசுற மாதிரி. கேலமுக்கு எப்படிப் பிடிக்குமோ அப்படி."

அவனும் இஸபெலின் புருஷன் கேலமும் தொழிலில் கூட்டாளிகள். ஆளுக்கொரு சிறிய விமானம் வைத்துக்கொண்டு, வைராராபா மலைச்சரிவுகளில் ஆட்டுப் பண்ணைகளுக்கு வானிலிருந்து உரம் தூவுவார்கள். அந்தத் தொழிலில் தாழப் பறப்பது வேலை. வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் தாழப் பறப்பது வெறும் பகட்டு. இந்த வித்தியாசத்தை அந்த ஊரில் யாரும் பொருட்படுத்தியதில்லை. இஸபெலும்தான்.

"அதான் சரி" என்றார் கேலமின் அப்பா ஹெக்டர். காலையிலிருந்து மூலையில் கோட்டும் டையுமாக உட்கார்ந்திருந்தவர், முதல் தடவையாக வாய் திறந்தார். "ஆத்துப் பாலத்துக்கு அடியில பூந்து வந்தவன் அவன். இந்த மாவட்டத்துலயே வேற எவனுக்கு அந்தத் தைரியம் இருக்கு? தலைய நிமித்திப் பாக்குற மாதிரி வழியனுப்பக் கூடாது. எல்லாரும் குனியணும்."

பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். டெஸ்மண்டின் மனைவி நோலீன் மட்டும் தலை நிமிராமல் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஏழாவது மாதம்.

ஆறு வருஷமாக, சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் கேலமின் விமானம் இந்தத் தகரக் கூரைக்கு மேலே உறுமிக்கொண்டு போகும். அலமாரியில் கோப்பைகள் கிடுகிடுக்கும். இஸபெல் பாத்திரம் துடைக்கும் துணியோடு வெளியே ஓடி, தலைக்கு மேலே தூக்கி ஆட்டுவாள். இறக்கையை ஒருமுறை சாய்த்துக் காட்டிவிட்டு அவன் போவான். கிழங்கை அடுப்பில் வை என்று அதற்கு அர்த்தம். விமானத்தை இறக்கி, கட்டிவைத்துவிட்டு, காரில் அவன் வீடு வந்து சேர இருபத்தைந்து நிமிஷம் ஆகும். உருளைக்கிழங்கு வேகவும் அவ்வளவு நேரம்தான். நாலு வயது ஜின்னிக்கு அதுதான் கடிகாரம். இஸபெலுக்கு அது பெருமை. எந்த வீட்டுக்காரி கூரைக்கு மேலே இப்படி ஒருவன் வருகிறான்? பெருமையாக இல்லை என்று இன்றைக்குச் சொன்னால் அது பொய்.

போன வியாழக்கிழமை கைக்குழந்தை ராஸுக்குப் பல் முளைக்கிற காய்ச்சல். மூன்று நாளாகத் தூக்கமில்லை, அவனுக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை. "இன்னிக்கு ஒரு நாள் கூரைமேல வராத" என்று காலையிலேயே கேலமிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். சாயங்காலம் அப்போதுதான் பிள்ளை கண்ணயர்ந்தது. விமானம் வந்தது. பிள்ளை வீறிட்டு எழுந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு திரைச்சீலைக்குப் பின்னால் நின்றவள், இன்றைக்கு வெளியே போகவே மாட்டேன் என்று பல்லைக் கடித்தாள். ஆட்டுவதற்கு ஆளில்லாமல் ஒரு நாள் போகட்டும். அப்போதுதான் புத்தி வரும்.

மலைப்பக்கம் போன விமானம் திரும்பியது. எதற்குத் திரும்புகிறது என்று அவளுக்குத் தெரியும். இரண்டாவது சுற்றில் இன்னும் தாழ வந்தான். முகம்கூடத் தெரிந்தது. வாசலைப் பார்த்துக்கொண்டு வந்தவன், காற்றுக்கு மறைப்பாக வளர்ந்து நின்ற சைப்ரஸ் மரங்களைப் பார்க்கவில்லை.

வெலிங்டனிலிருந்து வந்த விசாரணை அதிகாரி, "வீட்டு மேல எத்தனை தடவை வந்தார்?" என்று கேட்டார். "ஒரு தடவை" என்றாள். என்ஜின் நின்றுபோயிருக்கும் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. அவளும் அதை மறுக்கவில்லை. செத்தவனின் பெயர் கெடக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மையில் தன் பெயரைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

இப்போது கத்தியைக் கீழே வைத்தாள்.

"தாழ வராத, டெஸ்மண்ட்."

"இதுல என்ன இருக்கு, இஸபெல்? என்ஜின் நின்னா எவனும்தான் விழுவான்."

"என்ஜின் நிக்கல. முதல் தடவ வந்தப்ப நான் வெளிய போகல. வேணும்னுதான் போகல. என்னைப் பாக்கத்தான் திரும்ப வந்தான். வாசலப் பாத்துக்கிட்டே மரத்துல மோதினான்." குரல் உடையாமல் சொல்லி முடித்தாள். "ஆறு வருஷம் துணிய ஆட்டி ஆட்டி வரவழைச்சவ நான். கடைசியா ஒரு நாள் ஆட்டாம விட்டவளும் நான்."

கெட்டிலின் மூடி தடதடத்தது. யாரோ அடுப்பை அணைத்தார்கள்.

"கேலம் அசந்துட்டான்" என்றான் டெஸ்மண்ட். "எனக்கு அந்த சர்ச் பக்கம் ஒவ்வொரு மரமும் தெரியும்."

"அவனுக்கு அந்த மரம் தெரியாதா? அவன் பொறந்த வீடு இது."

நோலீன் தலை நிமிராமலே பேசினாள். "நம்ம வீட்டு மேலயும் நீ இப்படித்தான். நான் வெளிய வர்ற வரைக்கும் சுத்துற. காலு வீங்கிப் படுத்திருந்தாலும் எழுந்து வந்து கை ஆட்டுறேன். வரலன்னா திரும்ப வருவியேன்னுதான்."

டெஸ்மண்ட் மனைவியைப் பார்த்தான். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

ஹெக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இத இனிமே யார்கிட்டயும் சொல்லாத" என்றார் இஸபெலிடம்.

"விசாரணைக்காரங்க திரும்பக் கேட்டா சொல்லுவேன், மாமா."

எழுந்து அவரும் வெளியே போனார். டெஸ்மண்டின் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அவர் பேசுவது ஜன்னல் வழியே தெரிந்தது. என்ன பேசினார் என்று கேட்கவில்லை. மகனின் பெருமை குறையாமல் வரச்சொல்லித் தூண்டிவிடுகிறார் என்றுதான் இஸபெல் நினைத்தாள். கிழவரை அந்த நிமிஷம் அவள் மனதார வெறுத்தாள்.

தேவாலயத்தில் போதகரும் என்ஜின் நின்றுபோனதாகத்தான் சொன்னார். கல்லறையில் காற்று பலமாக அடித்தது. கயிற்றில் பெட்டி இறங்கும்போது எல்லோரும் குழியைப் பார்த்தார்கள். இஸபெலும் நோலீனும் மேற்கே பார்த்தார்கள். நோலீனின் விரல்கள் இஸபெலின் முழங்கையை அழுத்தின. நகம் பதிந்த இடம் வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

தாழ வந்தால் சத்தம் மலைக்குப் பின்னாலிருந்து திடீரென்று பாயும். ஆறு வருஷம் கேட்ட காது அவளுடையது. இந்தச் சத்தம் அப்படி வரவில்லை. தூரத்திலிருந்தே மெல்ல மெல்லக் கூடிக்கொண்டு வந்தது. விமானம் எங்கே என்று ஜனங்கள் கையைக் குடையாக வைத்துத் தேடினார்கள். மேகத்துக்குக் கொஞ்சம் கீழே, கட்டைவிரல் அளவுக்குத் தெரிந்தது.

"என்ன இவன், இவ்வளவு ஒசரத்துல போறான்" என்றார் பின்னாலிருந்து ஒருவர். "பயந்துட்டான் போல."

"நான்தான் போகச் சொன்னேன்" என்றார் ஹெக்டர், திரும்பிப் பார்க்காமல். "கெஞ்சிக் கேட்டேன்."

நோலீனின் பிடி தளர்ந்தது. அவள் சத்தமில்லாமல் அழுதாள்.

ஜின்னி இஸபெலின் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, கிழங்கு வைக்கணுமே."

"வைக்கலாம்டா."

விமானம் நேராகப் போய்க்கொண்டிருந்தது. இறக்கையைச் சாய்க்கவில்லை. இஸபெலின் வலது கை தானாகவே மேலே எழுந்தது. பாதியில் அதை இடது கையால் பிடித்து இறக்கி, சத்தம் அடங்கும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.