தட்டு மட்டும்தான் தூக்குவேன்

கணவனும் மனைவியும் ஒரே பேருந்தில்தான் படகுத்துறைக்கு வந்தார்கள். அவர் முன்வாசலில் ஏறினார், அவள் பின்வாசலில் ஏறினாள். சீட்டு மட்டும் அவரே இரண்டு வாங்கினார். "இன்னொண்ணு யாருக்கு?" என்று நடத்துனர் கேட்டபோது தலையைத் திருப்பாமல் கட்டைவிரலால் பின்னால் காட்டினார். அவர்களுடைய இல்லறம் இன்னும் உயிரோடு இருப்பதற்கு அந்தக் கட்டைவிரல் ஒன்றுதான் சாட்சி.

அவர் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தர். காலையிலிருந்து மாலைவரை ஊரார் பேசுவதையெல்லாம் எழுதித் தீர்த்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் ஒரு புத்தகத்துக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்வார். மனைவி பெரிய மருத்துவமனை ஒன்றின் விசாரணை ஜன்னலில் உட்கார்ந்து, எலும்புக்கு எந்த மாடி, கண்ணுக்கு எந்த மாடி என்று ஊருக்கெல்லாம் வழி சொல்லிவிட்டுப் போன மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தாள். பேசியே களைத்தவள் ஒருத்தி, பேசாமலே களைத்தவர் ஒருவர். பொருத்தம் பார்த்துத்தான் முடித்து வைத்திருந்தார்கள்.

ஆறு வருடங்களுக்கு முன்னால் மகளின் கல்யாணப் பேச்சு நடந்தபோது, சாப்பாட்டு மேஜையில் மனைவியின் அண்ணன் ஒரு வழக்கைப் பற்றிக் கதை சொன்னார். நல்ல கதை. எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். சுருக்கெழுத்தருக்கோ கை அரித்தது. "மச்சான், அப்படி நடக்கல. வாக்குமூலத்துல வேற மாதிரி இருக்கு" என்று ஆரம்பித்து, அண்ணன் சொன்னதில் இருந்த பிசகுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். அண்ணன் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டுப் போனார். அன்று மனைவி சொன்னாள்: "இனிமே நீங்க வாயை மூடிக்கிட்டு இருந்தாலே போதும். இந்த வீடு நல்லா இருக்கும்."

மனைவி சொன்னதை அவர் எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

தீர்ப்புச் சொன்னவர்தான் அதைத் திரும்பப் பெற வேண்டும் என்பது அவர் கட்சி. கோபத்தில் சொன்னதை ஒரு மனுஷன் இப்படியா பிடித்துக்கொண்டு தொங்குவான் என்பது அவள் கட்சி. மேல்முறையீட்டுக்கு யாரும் போகவில்லை. மகள் வீட்டில் இருந்தவரை அவள் வழியாகப் பேச்சு நடந்தது. "அப்பாவைக் குளிக்கச் சொல்லு." "அம்மாகிட்ட சொல்லு, குளிச்சாச்சுன்னு." மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு வீட்டுச் சாமான்கள் அந்த வேலையை ஏற்றுக்கொண்டன. அவள் குக்கரைப் பார்த்து, "சாப்பிடறவங்க சாப்பிடலாம்" என்பாள். அவர் மின்விசிறியைப் பார்த்து, "கேஸ் தீர்ந்துபோச்சாம்" என்பார். யார் சொன்னதாம் என்று மின்விசிறி கேட்டதில்லை.

நாளைக் காலை ரயிலில் அவள் மகள் வீட்டுக்குப் போகிறாள். பேத்தியைப் பார்த்துக்கொள்ள, ஒரேயடியாக. வாசல் கதவருகே இரண்டு பெரிய பெட்டிகள் நான்கு நாட்களாக நின்றுகொண்டிருந்தன. அவர் தினமும் அவற்றைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார்.

முந்தாநாள் மகள் தொலைபேசியில் சொன்னாள்: "அப்பா, உங்க ரெண்டு பேருக்கும் படகுல ராத்திரிச் சாப்பாடு ஏற்பாடு பண்ணியிருக்கேன். ரெண்டே பேருக்குத்தான். அம்மா என்கூட வந்து இருந்தா எனக்குச் சந்தோஷம்தான். ஆனா நீங்க போகாதேன்னு ஒரு வார்த்தை சொன்னா அவங்க வர மாட்டாங்க. எனக்குத் தெரியும்."

"அதை நீயே சொல்லிடேன்."

"அப்பா, நான் இனிமே தந்திக்கம்பம் வேலை பார்க்கறதா இல்ல" என்று சொல்லி, தொலைபேசியை வைத்துவிட்டாள்.

படகு அலங்கரித்த பேருந்து மாதிரி இருந்தது. விளம்பரத் தாளில் 'மறக்க முடியாத மாலை' என்று போட்டிருந்தார்கள். நகரம் பகலெல்லாம் கழுவி ஊற்றியதைச் சுமந்துகொண்டு போகிற அந்த ஆறு, இருட்டத் தொடங்கியதும் கரை விளக்குகளை அள்ளிப் பூசிக்கொண்டு, தான் வேறு யாரோ என்பதுபோல் மினுக்கியது. வாசனை மட்டும் பழைய ஆளைக் காட்டிக்கொடுத்தது. அதைச் சமாளிக்க மூலைக்கு மூலை ஊதுபத்தி. பயணிகள் சாப்பாட்டைப் படம் எடுத்தார்கள், பிறகு தங்களை எடுத்தார்கள், பிறகு சாப்பாட்டோடு தங்களை எடுத்தார்கள். ஆறு யாருடைய தோளுக்குப் பின்னாலாவது கொஞ்சம் தெரிந்தது.

"அன்பு நெஞ்சங்களே!" என்று ஒலிபெருக்கியில் ஒருவர் முழங்கினார். "இந்த இரவு உங்கள் துணையின் கண்களைப் பாருங்கள்! மனசு விட்டுப் பேசுங்கள்! கடைசிப் பாலத்தில் படகு திரும்பும், மறந்துவிடாதீர்கள்!"

எதை மறக்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை.

மேஜை வட்டமாக, அகலமான தட்டு ஒன்றைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருந்தது. நடுவில் மின்கலத்தில் எரியும் மெழுகுவர்த்தி. வீட்டில் பார்ப்பதற்கு மின்விசிறி இருக்கும், நாட்காட்டி இருக்கும். இங்கே எதிரே மனைவி மட்டும்தான். அவளுக்குக் காதோரம் இவ்வளவு நரைத்திருப்பதைச் சுருக்கெழுத்தர் அன்றுதான் பார்த்தார். பார்த்துவிட்டு மெழுகுவர்த்தியிடம் திரும்பினார்.

அந்த நேரத்தில்தான் சர்வர் வந்தார். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் கோணலாக ஒரு கறுப்பு வில்முடிச்சு டை. மூழ்குகிறவர்கள் கட்டையைப் பார்ப்பதுபோல் இருவரும் அவரைப் பார்த்தார்கள்.

"சூப் கொண்டு வரலாமா சார்?"

"அவருக்கு மிளகு ஆகாது. இல்லாம கொண்டு வாங்க" என்றாள் மனைவி.

"அவங்களுக்குக் காத்து ஒத்துக்காது. அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் சாத்துப்பா" என்றார் அவர்.

சர்வருக்கு முகம் மலர்ந்தது. இவ்வளவு அக்கறையான தம்பதியை அவர் அந்த வாரத்தில் பார்த்திருக்க மாட்டார். மலர்ச்சி சூப் வரும்வரைதான் நீடித்தது.

"தம்பி, வீட்டுச் சாவியை எடுத்துக்கிட்டாரான்னு அவர்கிட்ட கேளுங்க."

சர்வர் எதிர்நாற்காலியைப் பார்த்தார். கையை நீட்டினால் தொடும் தூரம். "சார், சாவி எடுத்தீங்களான்னு மேடம் கேக்கறாங்க."

"எடுத்தாச்சுன்னு சொல்லு."

"எடுத்தாச்சாம் மேடம்."

"எந்தச் சாவி? பூட்டுச் சாவியா, கதவுச் சாவியா?"

"மேடம், ரெண்டும் சார் பையிலதான் தெரியுது. நானே பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சர்வர் தப்பித்து ஓடினார்.

ஓடி எங்கே போவது? படகாயிற்றே. மீன் கொண்டு வரும்போது மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"இன்னொண்ணும் சொல்லிடுங்க தம்பி. நாளையிலேர்ந்து பால் பாதி போதும்னு பால்காரர்கிட்ட சொல்லியாச்சு."

சர்வர் மீன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நின்றார். இருவர் முகத்தையும் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "சார், பால் இனிமே பாதிதானாம்" என்றார்.

பெட்டிகளைச் சுருக்கெழுத்தர் நான்கு நாட்களாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ரயில் சீட்டையும் மேஜைமேல் பார்த்திருந்தார். அவையெல்லாம் பயணச் சமாச்சாரம். பாதிப் பால் அப்படி இல்லை. நாளைக் காலை அந்தப் பாலை அவரே காய்ச்சி, பொங்கவிட்டு, அடுப்பைத் துடைத்து, மிச்சத்தைக் குடிக்க வேண்டும். நாளை மறுநாளும்.

"சரின்னு சொல்லு" என்றார் கடைசியில்.

"சரியாம்" என்றார் சர்வர், ஏதோ அவர் வீட்டுப் பால் குறைந்துவிட்டதைப் போல.

போகாதே. சுருக்கெழுத்தில் அது ஒரு கோடும் ஒரு கொக்கியும்தான். கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். கொலைக் குற்றவாளிகள் கதறியதையும் வக்கீல்கள் கர்ஜித்ததையும் ஒரு எழுத்து விடாமல் பிடித்த அந்தக் கை, மேஜை விரிப்பில் அந்தக் கோட்டையும் கொக்கியையும் திரும்பத் திரும்பப் போட்டது. விரிப்பைப் படிக்க அவளுக்குத் தெரியாது என்பது பெரிய வசதி.

கடைசிப் பாலம் தூரத்தில் தெரிந்தது. அவர் மெழுகுவர்த்தியைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"சில பேர் போகாம இருந்தாலும் இருக்கலாம்."

அவள் முள்கரண்டியைப் பார்த்துச் சொன்னாள்: "சில பேருக்கு அதைச் சொல்ல வாய் இருந்தா, நேராச் சொல்லலாம்."

மெழுகுவர்த்தியும் முள்கரண்டியும் அதற்குமேல் பேசிக்கொள்ளவில்லை. பக்கத்து மேஜையில் ஒரு புதுமாப்பிள்ளை மனைவிக்கு ஊட்டிவிட்டு, படம் சரியாக வரவில்லை என்று மறுபடியும் ஊட்டினான்.

சுருக்கெழுத்தர் கையை உயர்த்திச் சர்வரைக் கூப்பிட்டார். சர்வர் ஐஸ்கிரீம் கிண்ணங்களோடு வந்து நின்றார்.

"அவங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்ப்பா."

"சொல்லுங்க சார்."

"நாளைக்கு... ஊருக்குப் போக வேண்டாம்னு சொல்லு."

எதிரே இருந்தவளுக்கு அது நன்றாகவே கேட்டிருக்கும். ஆனால் அவர்களுடைய சட்டப்படி, சர்வர் வாயிலிருந்து வரும்வரை கேட்டதாகக் கணக்கில்லை. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

சர்வர் கிண்ணங்களை மேஜையில் வைத்தார். வில்முடிச்சைத் தளர்த்திக்கொண்டார்.

"சார், மிளகைக் கேட்டுக்கிட்டேன், சாவியைச் சொன்னேன், பாலைக்கூடச் சொன்னேன். இதை நான் சொல்ல மாட்டேன்."

"ஏம்ப்பா? ஒரு வார்த்தைதானே?"

"நான் சொல்லி அவங்க சரின்னுட்டா, யார் சொன்னதுக்கு இருக்கறாங்கன்னு ஆகும்? எனக்கு வீட்டுல ஏற்கெனவே ஒருத்தி இருக்கா சார். இங்க நான் தட்டு மட்டும்தான் தூக்குவேன்." சொல்லிவிட்டு, காலியான தட்டுகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு போயே விட்டார்.

படகு திரும்பத் தொடங்கியது. இயந்திரம் இருமியது. மேஜை நடுங்கியது. பாலத்தின் இருட்டு அவர்கள்மேல் ஊர்ந்து போனது. ஒலிபெருக்கிக்காரர், "இதோ உங்கள் பொன்னான தருணம்!" என்றார்.

சுருக்கெழுத்தர் மெழுகுவர்த்தியை எடுத்து ஓரமாக வைத்தார்.

"போகாதே" என்றார். குரல் துருப்பிடித்த கீல் மாதிரி வந்தது.

அவள் முகத்தைத் திருப்பவில்லை. "யார்கிட்ட சொல்றீங்க?"

அவர் அனிச்சையாகச் சுற்றிலும் பார்த்தார். சர்வர் இல்லை. மின்விசிறி இல்லை, நாட்காட்டி இல்லை. மெழுகுவர்த்தியையும் அவரே அப்புறப்படுத்தியிருந்தார்.

"உன்கிட்டதான்."

அவள் கைத்துண்டை மடித்தாள். பிரித்தாள். மறுபடியும் மடித்தாள். கரை விளக்குகள் ஒவ்வொன்றாக அவள் மூக்குக்கண்ணாடியில் ஏறி இறங்கின. சுருக்கெழுத்தருக்கு மௌனம் பழக்கமான இடம்தான், அங்கே எந்த நாற்காலி எங்கே கிடக்கும் என்றுகூடத் தெரியும். ஆனால் அன்று அங்கே உட்கார முடியவில்லை. பிறகு அவள் ஆரம்பித்தாள்.

"எங்க அண்ணன் கதையைத் திருத்தச் சொல்லி உங்களை யாராவது வேண்டிக்கிட்டாங்களா?"

"இல்ல."

"எனக்குக் காய்ச்சல் அடிச்சப்போ நாட்காட்டியைப் பாத்து, மாத்திரை மேஜையில இருக்குன்னு சொன்னீங்களே, நாட்காட்டிக்கா காய்ச்சல்?"

"வாயை மூடச் சொன்னது நீதானே..."

"கோவத்துல ஆயிரம் சொல்லுவேன். குளியலறைக் கதவைச் சாத்துங்கன்னு முப்பது வருஷமாச் சொல்றேன். அதை ஒருநாளாவது கேட்டீங்களா? வாயை மூடுங்கன்னா மட்டும் எப்படி அவ்வளவு நல்லாக் காதுல விழுந்துது?"

நீதிமன்றத்தில் இப்படி ஒரு கேள்வி வந்தால் வக்கீல்கள் வாய்தா கேட்பார்கள். இங்கே வாய்தா கிடைக்காது என்று தெரிந்தது. அவள் அடுத்ததற்குப் போனாள், அதற்கும் அடுத்ததற்குப் போனாள். ஆறு வருடச் சரக்கு. ஒன்றும் கெட்டுப்போகாமல், தேதி வாரியாக இருந்தது. விசாரணை ஜன்னலில் ஊருக்கெல்லாம் மாடி எண் சொன்ன அதே தெளிவான குரல். பக்கத்து மேஜைப் புதுமாப்பிள்ளை ஊட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பித்தான். ஐஸ்கிரீம் உருகி, கிண்ணத்தில் வெள்ளைத் தண்ணீராக நின்றது.

சுருக்கெழுத்தர் எல்லாவற்றையும் கேட்டார். பழக்கதோஷத்தில் விரல் விரிப்பின்மேல் எழுதப் பார்த்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"எழுதாதீங்க. பதில் சொல்லுங்க."

படகு துறையை முட்டி நின்றபோது அவள் மூன்றாவது வருடத்தைத்தான் தாண்டியிருந்தாள். எல்லோரும் இறங்கிவிட்டார்கள். சர்வர் நாற்காலிகளைக் கவிழ்த்துக்கொண்டே வந்து, இவர்கள் மேஜைக்கு ஒரு மேஜை முன்னால் நின்றுகொண்டார். "மெதுவா வாங்க மேடம், அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே துடைத்த மேஜையை இன்னொரு தரம் துடைத்தார்.

அவள் கைப்பையை எடுத்தாள். "மீதியை வீட்டுல சொல்றேன்."

துறையிலிருந்து சாலைக்கு ஈரப்படிகள். அவர் இரண்டு படி ஏறி நின்று, கேட்டே விட்டார். "அப்ப காலையில ரயிலு?"

"பேத்தியைப் பாக்க வேண்டாமா? போறேன். பத்து நாள்." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "பெட்டி ரெண்டு வேண்டாம். பெரிசைப் பிரிச்சு, துணியெல்லாம் அலமாரியில வெச்சிடுங்க."

"பால்?"

"பால்காரர்கிட்ட நீங்களே பேசுங்க. நான் எத்தனை பேர்கிட்ட பேசறது?"

அவர் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். பழைய பால் கணக்கா, புதுக் கணக்கா என்றோ, பத்து நாளும் பாதியா என்றோ.

"வாயை மூடிக்கிட்டுப் படியைப் பாத்து ஏறுங்க. வழுக்குது" என்றாள் மனைவி.

"பாத்துத்தான் ஏறிக்கிட்டிருக்கேன்" என்றார் சுருக்கெழுத்தர். அடுத்த படிக்கும் அதற்கடுத்த படிக்கும் நடுவில், குளியலறைக் கதவைப் பற்றித் தன் தரப்பைச் சொல்ல ஆரம்பித்தார்.