பின்வரிசைக் காதுக்காரர்

சித்திரக்கதைப் பக்கம் சேர்க்கிறவர்களுக்கெல்லாம் ஒரே பைத்தியம்தான். வீரன் பெரிதாக இருக்க வேண்டும். குதிரையில் பாய வேண்டும், கத்தியை ஓங்க வேண்டும், ஒன்றும் இல்லாவிட்டால் பல்லையாவது கடிக்க வேண்டும். ஆஸ்பத்திரி எக்ஸ்ரேக்காரம்மா அந்த ரகம் இல்லை. அவள் தேடுவது கூட்டம் நிற்கிற பக்கங்கள். வீரன் தூக்குமேடையில் நிற்பான், வேடிக்கை பார்க்க ஊரே திரண்டிருக்கும். வீரன் தலை போனாலும் அவளுக்குக் கவலை கிடையாது. பின்வரிசையில் காது இரண்டும் விடைத்துக்கொண்டு ஓர் ஆள் நிற்கிறாரா என்றுதான் பார்ப்பாள். நின்றால் அந்தப் பக்கம் அவளுடையது.

பழைய பக்கங்களை வாங்கி விற்கிற தரகன் அவளுக்குக் 'கூட்டக்கா' என்றே பெயர் வைத்திருந்தான். யாருக்கும் வேண்டாத பக்கங்களை அவளுக்கென்று எடுத்து வைப்பான். "எல்லாரும் வீரனைக் கேட்டு அடிச்சுக்கிறாங்க. நீங்க வந்து வேடிக்கை பாக்கிறவனைக் கேக்கறீங்க. என்னக்கா கணக்கு இது?" என்பான். அவள் சிரித்து மழுப்பிவிடுவாள். அந்தக் காதுக்காரர் தன் வீட்டுக்காரர் என்று தரகனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

இதெல்லாம் புத்தகத்தில் வருகிற அச்சுப் பக்கம் இல்லை. அச்சுக்குப் போகும் முன் ஓவியர் மெல்லிய அட்டையில் தன் கையால் மை தொட்டு வரைந்த மூலம். புத்தகத்தில் கையகலத்துக்குச் சுருங்கிப் போகிற படம் இதில் முழ நீளம் இருக்கும். தப்பான கோட்டின் மேல் பூசிய வெள்ளை, ஒட்டிய வசனக் குமிழின் பசைக்கறை, எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

அவள் வீட்டுக்காரர் அந்தச் சித்திரக்கதைகளை அச்சடித்த அச்சகத்தில் வேன் ஓட்டியவர். கல்யாணமான முதல் வாரத்திலேயே ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து அவள் மடியில் விரித்தார். "பின்னாடி நிக்கிறது யாருன்னு பாரு."

"யாரு?"

"நான்தான். படம் வாங்கப் போகும்போதெல்லாம் ஓவியர் என்னை உக்கார வெச்சுப் பேசிட்டிருப்பார். மனுஷனுக்கு என் மூஞ்சி பிடிச்சுப்போச்சு. கூட்டத்துல சேத்துட்டார்."

"காது இவ்ளோ பெருசா இல்லையே உங்களுக்கு."

"அதெல்லாம் கலை. உனக்குப் புரியாது."

அதற்குப் பிறகு ஒவ்வொரு புத்தகம் வரும்போதும் இருவரும் தலையோடு தலை முட்ட அவரைத் தேடுவார்கள். முதலில் கண்டுபிடிக்கிறவர் மற்றவர் தலையில் ஒரு குட்டு வைக்கலாம். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அதுதான் அவர்கள் விளையாட்டு. பின்வரிசை ஆளுக்கு வசனம் கிடையாது என்று அவருக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. "ஒரே ஒரு குமிழ், 'ஐயோ'ன்னாவது ஒரு குமிழ் குடுத்திருக்கலாம்" என்பார்.

அவர் போய் ஐந்து வருஷம் ஆகிறது. நெஞ்சு வலி என்று வண்டியை ஓரமாக நிறுத்தியவர் வீட்டுக்கு நடந்து வரவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் இருட்டறைக்குள் வேலை செய்கிறவள். "மூச்சை இழுத்துப் பிடிங்க... இப்ப விடுங்க." பல நாள் அவள் வாய் பேசுகிற பேச்சு அவ்வளவுதான். வீட்டில் தட்டு இரண்டு இருந்தாலும் ஒரே தட்டைக் கழுவிக் கழுவிச் சாப்பிடுகிறாள். ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட எக்ஸ்ரே விளக்குப்பெட்டி ஒன்று சாப்பாட்டு மேசைக்கு எதிரே சுவரில் மாட்டியிருக்கிறது. மாலையில் அதில் ஒரு பக்கத்தைச் செருகி விளக்கைப் போட்டால் காதுக்காரர் வெளிச்சத்தில் வருவார். அன்றைய கதையை அவரிடம் சொல்லிக்கொண்டே சாப்பிடுவாள்.

ஒரு குறைதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது. கூட்டத்தில் நிற்கிற ஆள் வீரனைத்தான் பார்ப்பான். எந்தப் பக்கத்திலும் ஒரு தடவைகூட அவர் முகம் அவள் பக்கம் திரும்பியதில்லை.

அதனால்தான், ஓவியர் இப்போது வீட்டிலிருந்தபடியே கேட்ட படத்தை வரைந்து தருகிறார் என்று தரகன் சொன்னதும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீரனும் வேண்டாம், குதிரையும் வேண்டாம். அவர் தனியாக, முன்னால் நின்று, நேராகப் பார்க்கிற மாதிரி ஒரு படம். அது வந்துவிட்டால் போதும் என்று இருந்தது. இருப்பதிலேயே நல்ல தூக்குமேடைப் பக்கத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஓவியரின் அறை மாடியில். சாய்வான மேசை, கழுத்து வளைந்த விளக்கு, பாட்டிலில் குத்தி வைத்த தூரிகைகள். எழுபது தாண்டிய மனிதர், நகக்கண்ணெல்லாம் மை. "சொல்லுங்கம்மா, யாரை வரையணும்?"

"எங்க வீட்டுக்காரரை."

"போட்டோ கொண்டாந்தீங்களா?"

"போட்டோ எதுக்கு சார்? உங்களுக்குத் தெரியாத முகமா?" துணியைப் பிரித்து, பின்வரிசையில் விரலை வைத்தாள். "இவர்தான்."

ஓவியர் குனிந்து பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "இவனா? இவன் என் அளவுகோல்ம்மா. கூட்டம் வரையறதுக்கு முன்னாடி முதல்ல இவனைக் கொண்டுபோய் நிறுத்திடுவேன். இவன் கண் மட்டத்துக்குத்தான் மத்தவங்க தலை எல்லாம் வரும். காதோட மேல்நுனி கண்ணுக்கு நேரா இருக்கணும், கீழ்நுனி மூக்குக்கு நேரா. தூரத்துல இருந்தே தெரியட்டும்னு காதைப் பெருசாப் போடுவேன். சும்மா ஒரு ஆளு."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாகிவிட்டது. அவள் விடவில்லை. "அச்சகத்துல வேன் ஓட்டினவர் சார். படம் வாங்க உங்க வீட்டுக்கு வருவாரே. உக்கார வெச்சுப் பேசுவீங்களாமே."

"எங்க வீட்டுக்கு அச்சகத்துலேர்ந்து யாரும் வந்ததில்லைம்மா. நான் எப்பவும் தபால்லதான் அனுப்புவேன்." அதைச் சொல்லும்போதே அவருக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். சிரிப்பை விழுங்கிக்கொண்டு நாற்காலியை இழுத்துப்போட்டார். "உக்காருங்க. அவர் எப்படி இருப்பார்னு சொல்லுங்க. நான் வரையறேன்."

"காது பெருசா, விடைச்சு..." என்று ஆரம்பித்தாள். நெற்றி? மூக்கு? வாயெடுத்ததெல்லாம் அட்டையில் இருக்கிற ஆளுடையதாகவே வந்தது. இருபத்தாறு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்த முகம். அதைத் தேடினால் மையால் போட்ட கோடுகள்தான் அகப்பட்டன.

பர்ஸுக்குள் அவருடைய ஓட்டுநர் உரிமம் கிடந்தது. அதில் திருட்டுக் கேஸில் பிடிபட்டவர் மாதிரி இருப்பார் என்று அவள் அதை எடுத்துப் பார்ப்பதே இல்லை. இப்போது எடுத்தாள். சின்னக் காது. தலையோடு ஒட்டிய, சாதாரணக் காது. இடது புருவத்தில் ஒரு வெட்டு, கல்யாணத்துக்கு முன்பே பட்டது. அதை எப்படி மறந்தாள்? அவளுக்கு ஆத்திரமும் வந்தது, சிரிப்பும் வந்தது, எல்லாவற்றுக்கும் முன்னால் அழுகை வந்துவிட்டது. ஓவியர் தூரிகைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். பாவம், அவரும் என்னதான் செய்வார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "தனியா வேண்டாம் சார். இந்தக் கூட்டத்துலயே இவரைச் சேத்துடுங்க."

"இதுலயா?" ஓவியர் பதறிவிட்டார். "மூலத்துல புதுசா ஒரு கோடு விழுந்தாலே பக்கம் செத்துதும்மா. எவனும் கையால தொட மாட்டான்."

"நான் யாருக்கு விக்கப் போறேன்? என்னைக் கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து இங்க நிக்கிறதாச் சொன்னவர் சார் அவர். நின்னுட்டுப் போகட்டும்."

ஓவியர் உரிமத்தையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். "இடம் எங்க இருக்கு? நெருக்கமாப் போட்டிருக்கேன். வேணும்னா இந்தக் காதுக்காரனை வெள்ளை பூசி மறைச்சிட்டு..."

அவள் சட்டென்று படத்தின் மேல் கையை வைத்தாள். "அவர் இருக்கட்டும். அஞ்சு வருஷமா நான் சாப்பிடறது அவரோடதான்."

கடைசியில் காதுக்காரருக்கு அருகில் நின்ற ஒரு தூணுக்குத்தான் வெள்ளை பூசினார். அது காய்ந்ததும் பென்சிலால் மெல்லத் தலையை வளைத்தார். "எல்லாரும் வீரனைப் பாக்கறாங்க. இவர் எங்கம்மா பாக்கணும்?"

"இந்தப் பக்கம். என்னை."

"கூட்டத்துல ஒருத்தன் மட்டும் இந்தப் பக்கம் பாத்தா படம் கெட்டுடும். படிக்கிறவன் கண்ணு வீரனை விட்டுட்டு நேரா அவன்கிட்டதான் போகும்."

"போகட்டும் சார்."

ஓவியர் மை தொட்டு வரைய ஆரம்பித்தார். புருவத்து வெட்டுக்கு மட்டும் இரண்டு தடவை உரிமத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். மை காய்கிற வரைக்கும் அவள் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பக்கத்தை விளக்குப்பெட்டியில் செருகி விளக்கைப் போட்டாள். பழக்கதோஷம், விரல் முதலில் காதுக்காரரிடம்தான் போனது. பிறகு பக்கத்து ஆளிடம் நகர்ந்தது. பின்னாலிருந்து வந்த வெளிச்சத்தில், பூசி மறைத்த தூண் வெள்ளைக்கு அடியில் மங்கலாகத் தெரிந்தது. அதற்கு முன்னால் அவர் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊரே தூக்குமேடையைப் பார்க்க, இவர் ஒருவர் மட்டும் இந்தப் பக்கம்.

"அண்டப்புளுகர்" என்றாள். "உக்கார வெச்சுப் பேசினாராம்ல?"

தட்டை எடுத்துவந்து எதிரே உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்தாள். "எதுக்குங்க அந்தப் பொய்? அது இல்லாட்டியும் நான் உங்களோடதான இருந்திருப்பேன்" என்றாள். கேட்டுவிட்டு அந்த முகத்தையே பார்த்தாள். நேருக்கு நேர்தான் பார்த்தார். ஆனால் பின்வரிசை ஆள், வசனம் கிடையாது. அவருக்குக் குமிழ் வைக்க ஓவியரிடம் சொல்ல மறந்துவிட்டிருந்தாள். சொல்லியிருந்தாலும் அதில் என்ன எழுதச் சொல்வது என்று அவளுக்குத் தெரியாது.