எங்கள் புது ரெக்கார்டர்

பழைய ரெக்கார்டர் செத்துப்போனதற்கு மாமாதான் காரணம். அதைக் காரின் கூரைமேல் வைத்துவிட்டு, மறந்துபோய் வண்டியை எடுத்துவிட்டார். பின்னால் வந்த லாரிக்காரர் மிச்ச வேலையை முடித்துவைத்தார். "சின்னப் பொருளா, கண்ணுல படலைடா" என்று மாமா சொன்னபோது எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இத்தனைக்கும் அவர் கேமராமேன். பார்ப்பதுதான் அவர் பிழைப்பே.

எங்களுடையது குடும்பத் தொழில். மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், கேமரா. அக்கா வெளியே போனால் இரண்டாவது கேமரா, வீட்டில் எடிட்டிங். நான் சவுண்டு. கல்யாணம், கம்பெனி விழா, பாட்டு ஆல்பம் என்று எது வந்தாலும் மூன்று பேரும் ஒரே காரில் கிளம்புவோம். போகும்போது ஒரு சண்டை, வரும்போது ஒரு சண்டை. எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. மைக்கை எங்கே வைப்பது என்பதைத் தவிர உருப்படியாக வேறு எதுவும் தெரியாது.

கொஞ்ச நாளாக எனக்குள் ஒரு பயம் இருந்தது. ஜன்னலோரம் உட்காரும் குருவிகள் வாயை மட்டும் திறந்து மூடுவதுபோல் இருந்தன. சளி என்றேன். காதில் அழுக்கு என்றேன். யாரிடம் சொன்னேன் என்றால், எனக்கு நானேதான் சொல்லிக்கொண்டேன். காதை வைத்துப் பிழைப்பவன் இதை வேறு யாரிடம் போய்ச் சொல்வான்?

அந்தச் சமயம் பார்த்து வயலின் டீச்சரின் வேலை வந்தது. ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு வில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். ஓய்வு பெற்றதும், முதல் முறையாகத் தன் வாசிப்பை ஆல்பமாகவும் வீடியோவாகவும் எடுக்க ஆசைப்பட்டார். "இத்தனை வருஷம் மத்தவங்க தப்பா வாசிக்கிறதைக் கேட்டே காலம் போச்சுப்பா. ஒரு தடவை நான் வாசிக்கிறதை நானே உக்காந்து கேக்கணும்" என்றார். அப்படிக் கேட்பவரிடம் ரெக்கார்டர் லாரிக்கு அடியில் போய்விட்டது என்று எந்த வாயால் சொல்வது? உடனே ஒன்று வாங்கியாக வேண்டும்.

எதை வாங்குவது என்பதில் வீடு இரண்டுபட்டது, இல்லை, மூன்றுபட்டது. மாமாவுக்குக் கேமராவுக்கு அடியில் திருகி மாட்டும் ரகம் வேண்டும். "திருகிட்டா எங்கேயும் மறந்து வைக்க முடியாதுல்ல" என்றார். தன்னைப்பற்றி நன்றாகவே புரிந்துவைத்திருக்கிறார். அக்கா கேட்டது இப்போது வந்திருக்கும் புது ரகம். சத்தம் எவ்வளவு எகிறினாலும் கிழியாது, பதிவின்போது சத்தத்துக்கு அளவு வைக்கும் வேலையே இல்லை, பிறகு எடிட்டிங்கில் ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். நான் ஒற்றைக் காலில் நின்றேன். எனக்குச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் வேண்டும். விரலால் பிடித்துத் திருக முடியாத மெஷின் எனக்கு மெஷினே இல்லை.

"அளவு வைக்க ஆளே வேண்டாம்னா அப்புறம் நான் எதுக்கு? உங்களுக்குக் குடை பிடிக்கவா?" என்றேன்.

"அதுக்கும் நீ லாயக்கில்லை" என்றாள் அக்கா.

கடைக்காரரை நாங்கள் ஸ்பேர் என்றுதான் கூப்பிடுவோம். எதை வாங்கினாலும் "ஸ்பேருக்கு ஒண்ணு வச்சுக்குங்க" என்பார். அவர் கடையிலேயே இரண்டு கடிகாரம், இரண்டு கால்குலேட்டர். எங்கள் மூன்று பேர் ஆசைக்கும் ஆளுக்கொன்றாக மூன்று ரெக்கார்டர்களை எடுத்து உள் அறையில் வரிசையாக வைத்தார்.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. நான் கொண்டுவந்ததுதான். எந்த மெஷினையும் பேரைப் பார்த்தோ ஆளைப் பார்த்தோ வாங்க மாட்டோம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, ஒருவர் பேச வேண்டும், ஒருவர் சாவிக்கொத்தை ஆட்ட வேண்டும், அப்புறம் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். அந்தச் சும்மாதான் முக்கியம். எந்த மெஷின் உள்ளுக்குள் எவ்வளவு இரைகிறது என்று அதில்தான் தெரியும். பிறகு ஸ்பேர் மூன்று பதிவுக்கும் வெறும் எண் போட்டுக் கொடுப்பார். எது எதனுடையது என்று தெரியாமலே கேட்டு, பிடித்ததைச் சொல்ல வேண்டும்.

மாமா, சுவரில் மாட்டியிருந்த "விற்ற பொருளைத் திரும்பப் பெற இயலாது" என்ற போர்டைச் செய்தி வாசிப்பவர் குரலில் படித்தார். அக்கா சாவியை ஆட்டினாள். சும்மா நின்றோம். நான் ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஒன்றாவதில் லேசான இரைச்சல். மூன்றாவதிலும் அப்படித்தான். இரண்டாவது துடைத்துவைத்த கண்ணாடி மாதிரி இருந்தது.

"ரெண்டாவது. யோசிக்கவே வேண்டாம்" என்றேன்.

எனக்கு முன்னாலேயே கேட்டு முடித்திருந்த அக்கா தரையைப் பார்த்தாள். ஸ்பேர் அக்காவைப் பார்த்தார். மாமாவுக்கு இந்த மாதிரி ஜாடையெல்லாம் புரியாது. என் தலையிலிருந்த ஹெட்போனை எடுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டார்.

"இதுல என்னடா கொசு கத்துது?"

"எங்க?"

"ரெண்டாவதுலதான். ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் ஙொய்ங்னு. உனக்குக் கேக்கலை?"

மாமாவின் காது மூக்குக்கண்ணாடி மாட்டுவதற்கு மட்டுமே படைக்கப்பட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். அந்தக் காதுக்குக் கேட்டிருக்கிறது. திரும்ப வாங்கி, ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு கேட்டேன். ஒரு கொசுவும் இல்லை.

"அதுல மட்டும் பாட்டரி இறங்கியிருந்துச்சு. சார்ஜர்ல போட்டு ஓட்டினேன். அதோட சத்தம்தான். மெஷின் மேல தப்பில்லை" என்றார் ஸ்பேர், அவர்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல். நான் ஹெட்போனை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

காரின் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தபோது அக்கா வந்து பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"என்ன?"

"பூசி மெழுகாதக்கா."

அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள். "நீ பவர் பேங்க்கைப் போட்டு ரெக்கார்டரை ஓட்ட ஆரம்பிச்சேல்ல. அப்பலேர்ந்து எல்லாப் பதிவிலும் இதே கொசுதான். அப்பவே தெரியும்."

பாதிப் பதிவில் பாட்டரி தீர்ந்துவிடக் கூடாது என்று, போனுக்குச் சார்ஜ் போடும் பவர் பேங்க்கை ரெக்கார்டரோடு சேர்த்துக் கட்டிவிடுவேன். என் சொந்தக் கண்டுபிடிப்பு. நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். காது கேட்கிறவன் முதல் நிமிஷத்திலேயே அதைப் பிடுங்கி எறிந்திருப்பான். நானோ தலையில் ஹெட்போனும் மாட்டிக்கொண்டு, கட்டைவிரலை வேறு தூக்கிக் காட்டியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் பழைய கல்யாண வீடியோ ஒன்றை எடுக்கச் சொன்னேன். நான் பதிவு செய்தபடியே ஒரு முறை, அவள் துடைத்த பிறகு ஒரு முறை போட்டாள். இரண்டும் எனக்கு ஒன்றாகவே கேட்டன. பிறகு திரையில் சத்தத்தைப் படமாகக் காட்டினாள். மேல்பக்கத்தில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடியது. ஒரு பொத்தானைத் தட்டியதும் கோடு மறைந்தது. என் காது போனதை நான் கண்ணால்தான் தெரிந்துகொண்டேன்.

"ஏன் சொல்லலை?"

"சொன்னா மறுநாளே மைக்கை மூட்டை கட்டியிருப்பே. உன் கோபம் எனக்குத் தெரியாதா?" என்றாள். திரையை அணைத்துவிட்டு, "வேற ஆளுங்க ரெக்கார்ட் பண்ணினதையும் நான் எடிட் பண்றேன்டா. சுத்தமா இருக்கும், உயிரே இருக்காது. உன்னதுல கொசுவை அடிச்சா போதும்" என்றாள்.

சமையல் ஒரு அடுப்பில் ஓட, பிள்ளைகள் வீட்டுப்பாடத்தோடு தோளைச் சுரண்ட, அவள் இந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு பதிவாக என் பின்னால் துடைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். சவுண்டு பிரமாதம் என்று யாராவது சொன்னால் நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வேன். அவள் பக்கத்தில் நின்று சிரிப்பாள். வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வெட்கத்துக்கு அடியில், இப்படி ஒருத்தி எனக்கு வாய்த்தாளே என்ற நிம்மதிதான் பெரிதாக இருந்தது. அதைச் சொல்லத் தெரியாமல், "டீச்சர் ரெக்கார்டிங்குக்கு வேற ஆளைப் பாத்துக்கோ" என்றேன்.

"ஆள் எதுக்கு? பக்கத்துல நான் உக்காந்துக்கறேன்."

மறுநாள் நான் தனியாகக் கடைக்குப் போனேன். நேற்றைய மூன்று மெஷினையும் ஸ்பேர் எடுக்கப் போனார். வேண்டாம் என்றேன். "ஹெட்போன் மாட்ட ரெண்டு ஓட்டை இருக்கறது எது? ஒரே நேரத்துல ரெண்டு பேர் கேக்கணும்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஏணியில் ஏறி மேல்தட்டிலிருந்து ஒன்றை இறக்கினார். கொஞ்சம் கனம். கேமராவுக்கு அடியில் மாட்ட முடியாது. அக்கா கேட்ட புது ரகமும் இல்லை. குமிழ் இருந்தது, ஆனால் நான் அதைக்கூடப் பிறகுதான் கவனித்தேன். எண் போட்டுக் கேட்டுப் பார்க்கலாமா என்றார். இரண்டு ஓட்டையிலும் ஹெட்போனைச் செருகி, ஒன்றை அவர் காதிலும் ஒன்றை என் காதிலும் மாட்டினேன். இரண்டு பேருக்கும் கேட்டது. அவ்வளவுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. "ஸ்பேருக்கும் சேத்து ரெண்டு செட் பாட்டரி குடுங்க" என்று நானே கேட்டபோது அந்த மனுஷன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

பதிவு ஒரு பள்ளிக்கூடத்து ஹாலில். விடுமுறை என்பதால் கூட்டமில்லை. டீச்சரை மேடையிலிருந்து இறக்கி, மரத்தரை இருந்த பக்கம் நிறுத்தினேன். மைக்கை அவருக்கு எதிரில் வைக்கவில்லை. இடது தோளுக்கு மேலே உயர்த்தி, அவர் காது இருக்கும் பக்கமாகச் சாய்த்து வைத்தேன். இதெல்லாம் யோசித்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும். அக்காவின் கேமராவை ஸ்டாண்டில் தனியாக விட்டுவிட்டு, அவளும் நானும் ஒரே மெஷினில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம்.

டீச்சர் வில்லை வைக்கும் முன் அக்கா கையைத் தூக்கினாள். "அந்த மூலை லைட்டு இரையுது." அணைத்தேன். மாமா வெளிச்சம் போச்சு என்று முணுமுணுத்துக்கொண்டே திரைச்சீலைகளை விலக்கப் போனார். அக்கா மறுபடி கேட்டுவிட்டுத் தலையசைத்தாள். நான் பட்டனை அழுத்தினேன்.

டீச்சர் வாசித்து முடித்ததும் போட்டுக் காட்டச் சொன்னார். என் ஹெட்போனைக் கொடுத்தேன். நின்றபடியே கேட்டார். பாதியில் நாற்காலியைத் தேடி உட்கார்ந்துகொண்டார்.

"வாசிக்கும்போது என் தோள்ல எனக்கு மட்டும் கேக்கற சத்தம்ப்பா இது. இது வெளியில வரும்னு எனக்குத் தெரியாது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த முறை காலரைத் தூக்கிவிடத் தோன்றவில்லை. அக்காவைக் காட்டினேன். அவள் அந்தப் பக்கம் திரும்பிக் கேபிள் சுருட்டுவதுபோல் பாவனை செய்தாள்.

டீச்சரை வழியனுப்ப மாமா வாசல்வரை போயிருந்தார். "தேங்க்ஸ்க்கா" என்றேன். எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லிப் பழக்கமில்லாத வார்த்தை. அவள் "போடா" என்றாள். கண் கலங்கிவிட்டது, இரண்டு பேருக்கும்.

"கடைசிப் பகுதியைத் திரும்பப் போடறேன். எனக்குக் கேக்காததை நீ சொல்லு" என்றேன்.

இரண்டு ஹெட்போனும் மறுபடி ஏறின. வயலின் உருண்டு திரண்டு வந்தது, எனக்குப் பழகிய வயலின்தான். அக்கா மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். "ஒவ்வொரு தடவை வில்லை மாத்தி இழுக்கும்போதும் ஒரு சின்னச் சத்தம் வருதுடா. பேப்பரைக் கிழிக்க ஆரம்பிச்சுட்டு வேணாம்னு விட்ட மாதிரி. டீச்சர் மூச்சு இழுக்கறதும் கேக்குது." பிறகு கடைசிச் சுரம் உச்சிக்கு ஏறி, மெலிந்து, நின்றது. நான் நிறுத்தும் பட்டனுக்குக் கையைக் கொண்டுபோனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இரு. இன்னும் இருக்கு."

காத்திருந்தேன்.

"இன்னும் இருக்கு" என்றாள். "சன்னமா மேலே போய்க்கிட்டே இருக்கு. இன்னும் இருக்குடா."

எனக்கு அது எப்போதோ முடிந்துபோயிருந்தது. அவள் பிடியை விடும்வரை நானும் அவளோடு கேட்டுக்கொண்டிருந்தேன்.