லின் மேடம் வயலில் இறங்கிய நாள்

கூத்தாநல்லூரில் ஹபீப் முகம்மது விவசாயக் கருவிக் கடை வைத்திருந்தார். பாதிச் சரக்கு சீனாவிலிருந்து வந்தது. வருஷத்துக்கு இரண்டு தடவை அங்கே போய்வருவார். அவருக்கு மெஷின் செய்துகொடுக்கும் பெண்மணியின் பேர் லின். அந்தப் பேர் அடிபடும்போதெல்லாம் மனைவி ஹலீமாவுக்குச் சுருக்கென்றது. லின் மேடம் சொன்னால் சொன்னதுதானாம். லின் மேடத்துக்குத் தெரியாத நட்டு உலகத்திலேயே இல்லையாம். ஐம்பது தாண்டிய மனுஷன் போனைப் பார்த்து அப்படிச் சிரிக்க என்ன இருக்கிறது?

அந்த வருஷம் இறக்கிய களை மெஷின்கள் விற்ற வேகத்திலேயே கடைக்குத் திரும்பின. வயல் சேற்றில் சக்கரம் அச்சு வரைக்கும் புதைந்துவிடுகிறது என்றார்கள். ஹபீப் வீடியோ எடுத்து அனுப்பினார். நானே வந்து பார்க்கிறேன் என்று பதில் வந்தது.

வருகிற அன்றைக்கு ஹலீமா பீரோவிலிருந்து நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். கார்க் கதவைத் திறந்து இறங்கியதோ, குட்டையாக, நரைத்த கிராப்புத் தலையோடு ஒரு அம்மாள். தோள்பையில் ஸ்பானர்கள் கலகலத்தன.

"இவங்களா?" என்றாள் ஹலீமா.

"வேற யாருன்னு நினைச்சே?"

"நான் ஒண்ணும் நினைக்கலீங்க."

மெஷினைத் திருப்பிக் கொடுத்தவர்களில் காத்தாயியும் ஒருத்தி. அவள் வயலுக்குத்தான் மெஷினோடு மூவரும் போனார்கள். வரப்பில் நின்று பார்ப்பாள் என்று எல்லாரும் இருக்க, லின் ஷூவைக் கழற்றி, கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டாள். மெஷினைத் தள்ளினாள்; நாலு அடி போவதற்குள் புதைந்தது. அதை அப்படியே விட்டுவிட்டுக் குனிந்து, கையாலேயே களை பறிக்க ஆரம்பித்தாள். ஒரு நெற்பயிர்கூடக் கையோடு வரவில்லை.

"அட, இது நம்ம சாதி சனந்தான் போல!" என்று காத்தாயி சிரித்தாள். "எங்க கத்துக்கிட்டாங்கன்னு கேளுங்க பாய்."

லின் போனில் பேச, அது தமிழில் தட்டுத்தடுமாறிச் சொன்னது: சின்ன வயதில் அவளும் வயல் வேலைக்காரி. அரசாங்கம் நிலத்தைப் பிரித்துக் கொடுத்தபோது அவள் அப்பாவுக்கும் ஒரு துண்டு கிடைத்ததாம்.

"எங்க அப்பா இந்த ஒரு ஏக்கருக்குக் கொடி புடிச்சு மூணு மாசம் ஜெயில்ல இருந்தாரு," என்றாள் காத்தாயி. "அதையும் சொல்லுங்க."

போன் சொன்னது. லின் நிமிர்ந்து காத்தாயியைப் பார்த்தாள். சேற்றுக் கையோடு அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். வரப்பில் நின்ற ஹலீமா செருப்பைக் கழற்றிப் போட்டாள். நல்ல புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளும் இறங்கினாள்.

"ஏ ஹலீமா, சேறு வழுக்கும்!" என்று பதறினார் ஹபீப்.

"நீங்க சும்மா இருங்க."

அகலச் சக்கரம் போட்ட மெஷின்கள் நாலு மாதத்தில் வந்தன. புதையவில்லை. காத்தாயி மறுபடி ஒன்று வாங்கினாள். அதற்குள் ஹலீமாவுக்கும் லின்னுக்கும் தினம் படம் அனுப்பிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. இங்கிருந்து பிரியாணி போகும். அங்கிருந்து பேரனின் பொக்கைவாய் வரும்.

பிறகு எல்லையில் சண்டை வந்தது. துறைமுகத்தில் சரக்கு நின்றது. அவர்கள் பேசிக்கொண்டிருந்த சீனச் செயலியையும் அரசாங்கம் தடை செய்தது. ஹபீப் சரக்கைப் பற்றிக் கவலைப்பட்டார். ஹலீமா போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பெரிய எடத்துச் சண்டை. நாம என்ன பண்ண முடியும்?" என்றார் ஹபீப்.

"அந்தப் புள்ளைக்குப் பல்லு முளைச்சுதான்னு தெரியலீங்களே."

மறுநாளே ஹபீப், பினாங்கில் கடை வைத்திருந்த மச்சான் யூனுஸுக்கு லின்னின் நம்பரைக் கொடுத்தார். மலேசியாவில் அந்தச் செயலிக்குத் தடை இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் யூனுஸிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. ஹலீமா காதில் வைத்தாள். லின்னின் குரல்; தமிழை யாரிடமோ எழுதி வாங்கி, எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

"அக்கா... ரெண்டு... பல்லு."